கிஃப்ட் பெட்டியும் மருந்து அறையும்

எம். புதுப்பட்டிக்கு மாறுதலாகி வந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "எங்க அப்பா மருந்து வேலைக்குப் போறாங்க டீச்சர்" என்றாள்.

"அப்படியா? எந்த மருந்துக்கடையில்?" என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவள். சிவகாசிப் பக்கத்து ஊர்களில் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரையும் சிரப்பும் அல்ல, பட்டாசுக்குள் செலுத்தும் வேதிக் கலவை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது, மருந்து அறை என்று அங்கே அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு தொழிலே இருக்கிறது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த மாணவனிடம் போய்விட்டேன். அத்தோடு அதை மறந்தும்விட்டேன்.

நான் போட்ட சுழியம்

சில மாதங்கள் கழித்துத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' நடத்தி, ஒரு சிறு தேர்வு வைத்தேன். 'மருந்து என்பது யாது? சொந்த நடையில் விளக்குக' என்பது ஒரு வினா. அதே மாணவி இப்படி எழுதியிருந்தாள்: 'மருந்து என்பது அறையில் கலந்து வைப்பது. அதைக் கீழே சிந்தக் கூடாது. உரசக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.'

பாடத்தைக் கவனிக்கவே இல்லை என்று எண்ணிச் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுச் சுழியம் போட்டேன். தாளை வாங்கிப் போனவள் இடைவேளையில் திரும்பி வந்தாள். "எங்க வீட்ல மருந்துன்னா இதுதான் டீச்சர். எங்க மாமா மருந்துலதான் போனாங்க" என்றாள். அழவில்லை. விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

நான் கேட்டது 'சொந்த நடை'. அவள் தந்ததும் சொந்த நடைதான். உயிரைக் காப்பது என்று நான் கரும்பலகையில் எழுதிய சொல்லுக்கு, உயிரை எடுப்பது என்று அவள் வீட்டில் பொருள். இரண்டில் எது சரி? ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது? அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்மா" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தேடலில் கிடைத்ததையும், அதை வகுப்பறையில் பயன்படுத்திய விதத்தையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தமிழுக்குள் மருந்து

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், மருந்து என்ற சொல்லுக்கு நோய் தீர்ப்பது என்பதோடு அமிழ்தம், வெடிமருந்து ஆகிய பொருள்களும் இருக்கின்றன. சாவைத் தள்ளும் அமிழ்தமும் மருந்துதான், சாவைத் தரக்கூடிய வெடிமருந்தும் மருந்துதான்.

அன்றாடப் பேச்சிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது பிரசவ மருந்து. வயலில் அடிப்பது பூச்சிமருந்து. 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் பதறிப்போவார். 'மருந்து குடித்தான்' என்றால் பதற்றம் இல்லை. தீக்குச்சியின் தலையில் இருப்பதும் மருந்து. தீபாவளிக்கு முந்தைய நாள் வீட்டில் இஞ்சி, ஓமம், வெல்லம் சேர்த்துக் கிளறும் லேகியத்துக்குத் 'தீபாவளி மருந்து' என்றே பெயர். விடிந்ததும் அந்த மருந்தை விழுங்கிவிட்டு, இந்த மருந்து அடைத்த வெடியைக் கொளுத்தப் போகிறோம்.

இன்னொரு வழக்கும் கவனிக்கத்தக்கது. 'இரக்கம் மருந்துக்கும் இல்லை' என்கிறோம். இங்கே மருந்து என்பது நோயையோ வெடியையோ குறிக்கவில்லை. மிகச் சிறிய அளவைக் குறிக்கிறது. இந்த 'அளவு' என்ற செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் நமக்குக் கைகொடுக்கப் போகிறது.

அக்கா தங்கை மொழிகளில்

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'திராவிட மொழிக்குடும்பம்' என்ற பாடம் இருக்கிறது. அதை நடத்தும்போது பாடநூலின் எடுத்துக்காட்டுகளோடு 'மருந்து' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டேன். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இச்சொல்லின் உறவுகளை ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறது. கரும்பலகையில் எழுதிய பட்டியல் இதுதான்:

தமிழ் – மருந்து
மலையாளம் – மருந்நு
துளு – மர்து
பழங்கன்னடம் – மர்து. இன்றைய கன்னடம் – மத்து
தெலுங்கு – மந்து

கடைசி மூன்று மொழிகளின் சொற்களிலும் தகரத்தை 'பந்து' என்பதில் வருவதுபோல் மெலிதாக ஒலிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இல்லாவிட்டால் கன்னடத்து மருந்து நம் வீட்டு மோர் கடையும் மத்தாகிவிடும்!

இம்மாற்றங்கள் தற்செயலானவை அல்ல என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி சில இணைகளைக் கொடுத்தேன். நம் 'வந்து' மலையாளத்தில் 'வந்நு' என்றும், 'தந்து' என்பது 'தந்நு' என்றும் வரும். அந்த வரிசையில்தான் 'மருந்து' 'மருந்நு' ஆனது. பழங்கன்னடத்து 'இர்து' பின்னால் 'இத்து' ஆனது. அதேபோல் 'மர்து' 'மத்து' ஆனது. இருந்து என்பதற்கும் மருந்து என்பதற்கும் தமிழில் எதுகை. கன்னடத்திலும் அந்த எதுகை கெடவில்லை. இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "அப்போ தப்பாச் சொல்லல டீச்சர், எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி மாத்திருக்காங்க" என்றான். மொழிநூலின் அடிப்படையை இதைவிட எளிதாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

பட்டியலில் தெலுங்குச் சொல்லை எழுதியபோது, பின்வரிசையில் ஒருவன் மெதுவாக, "எங்க வீட்ல மந்துன்னுதான் சொல்வோம்" என்றான். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஏராளம். ஆனால் பள்ளியில் அதைச் சொல்ல மாணவர்கள் கூச்சப்படுவார்கள். அன்று அவனை முன்னால் அழைத்து, அவன் வீட்டில் வழங்கும் சொற்களைச் சொல்லச் சொல்லி எழுதினேன். மருந்துக்கும் மதுவுக்கும் தெலுங்குப் பேச்சில் 'மந்து' என்ற ஒரே சொல்தான் என்று அவன் சொன்னதும் வகுப்பு மறுபடி சிரித்தது. வெடிமருந்துக்கும் தெலுங்கில் 'மந்து' வரும், கன்னடத்திலும் 'மத்து' வரும். மலையாளத்தில் 'வெடிமருந்நு' என்றே சொல்வார்கள். ஆக, காப்பதும் அழிப்பதும் ஒரே பெயரில் இருப்பது எம். புதுப்பட்டியின் குழப்பம் அல்ல. தென்னிந்தியா முழுவதும் அப்படித்தான்.

குடகு மலையில் மட்டும் இச்சொல் ஓர் இனிப்பில் தங்கியிருக்கிறது. அவர்களின் கக்கட மாதம் 18ஆம் நாள், ஏறக்குறைய நம் ஆடிப்பெருக்கை ஒட்டி, ஒரு மூலிகைத் தழையை வேகவைத்து அதன் சாற்றில் பாயசம் செய்வார்கள். தழைக்கும் பாயசத்துக்கும் 'மத்து' என்ற பெயரே முன்னொட்டு. சாறு அடர் ஊதா நிறத்தில் இறங்கும். மழைக்காலத்தில் அதுவே உடம்புக்கு மருந்து என்பது அவர்கள் நம்பிக்கை.

கடல் கடந்த உறவுகள்

இது திராவிட மொழிகளுக்கு மட்டும் உரியதா என்று பார்த்தேன். பாரசீகத்தில் 'தாரூ' என்றால் மருந்து. அச்சொல் மராத்திக்கு வந்து மதுவையும் வெடிமருந்தையும் குறிக்கிறது. வாணவேடிக்கைப் பட்டாசுக்கு மராத்தியில் 'சோபேச்சி தாரூ', அதாவது அழகுக்கான மருந்து என்று பெயர். தெலுங்கு 'மந்து' தொட்ட மூன்று பொருளையும் வேறு குடும்பத்துச் சொல் ஒன்று அப்படியே தொட்டிருக்கிறது.

வெடிமருந்தைக் கண்டுபிடித்த சீனர்கள் அதை 'ஹுவோயாவ்' என்கிறார்கள். ஹுவோ என்றால் நெருப்பு, யாவ் என்றால் மருந்து. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில், சாகாமைக்கான மருந்தைத் தேடிய சீன ரசவாதிகளின் கலவைகளிலிருந்தே அது பிறந்தது. வியட்நாமியர்கள் 'துவோக் நோ' என்பார்கள். துவோக் – மருந்து, நோ – வெடித்தல். நம் வெடிமருந்தைச் சொல்லுக்குச் சொல் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது.

ஐரோப்பாவின் ஜெர்மானிய மொழிகளிலும் இப்படி ஒரு குட்டிச் சொல் உண்டு. ஜெர்மனில் 'க்ரௌட்' என்றால் மூலிகை, கீரை, முட்டைக்கோஸ். டச்சு மொழியில் அதே சொல் எழுத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தகர ஒலிக்கு ஒரு எழுத்தை இட்டு எழுதினால் மூலிகை, மற்றோர் எழுத்தை இட்டு எழுதினால் வெடிமருந்து. இரண்டையும் 'க்ரௌய்ட்' என்று ஒரே மாதிரிதான் ஒலிப்பார்கள். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 'க்ருட்' என்றால் வெடிமருந்து மட்டுமே. அங்கே மூலிகைப் பொருள் பின்வாங்கிவிட்டது. ஒரு வேரிலிருந்து ஒரு கிளை சமையலறைக்கும் ஒரு கிளை பீரங்கிக்கும் போயிருக்கிறது.

இதில் நமக்கு ஓர் உள்ளூர்த் தொடர்பும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்தபோது, அங்கே வெடிமருந்தும் தயாரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலே வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன், தமிழ்க் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரே பொருளை ஒரு மொழிக்காரர் மூலிகையின் பெயராலும் இன்னொரு மொழிக்காரர் மருந்தின் பெயராலும் அழைத்திருப்பார்கள்!

கிஃப்ட் என்றால் நஞ்சு

எங்கள் மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலச் சொல் 'கிஃப்ட்'. தீபாவளி நெருங்கினால் பல வீடுகளில் பேச்சே பட்டாசு கிஃப்ட் பெட்டிகளைப் பற்றித்தான். "இந்தச் சொல்லை ஒரு பெட்டியின் மேல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள்" என்று வகுப்பில் சொன்னேன். ஏனென்றால் ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு.

இரண்டும் ஒரே வேர்தான். 'கொடு' என்ற வினையிலிருந்து பிறந்தவை. கொடுக்கப்படுவது பரிசு. முற்காலத்தில் ஜெர்மனிலும் அதே பொருள்தான். மணப்பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீரை இன்றும் 'மிட்கிஃப்ட்' என்கிறார்கள். ஆனால் மருத்துவர் அளந்து கொடுப்பதைக் குறித்த கிரேக்கச் சொல் 'டோசிஸ்'. அதற்கும் கொடுத்தல் என்றே பொருள். நாம் 'டோஸ்' என்று சொல்வது அதைத்தான். அதைப் பின்பற்றி ஜெர்மனிலும் அளந்து கொடுப்பது கிஃப்ட் ஆனது. பின்னர் கெட்டதைப் பெயர் சொல்லாமல் மறைத்துச் சொல்லும் வழக்கத்தால் நஞ்சுக்கும் அதுவே பெயராகிப் பரிசு என்ற பொருளைத் தள்ளிவிட்டது. சுவீடிய மொழியில் கிஃப்ட் என்றால் நஞ்சு, திருமணமானவர் என்று இரண்டு பொருள். "பெண்ணைக் கட்டிக் கொடுத்தல் என்று நாமும் சொல்கிறோமே" என்று ஒரு மாணவி சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

அளவுதான் விடை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு விடை தெளிவாயிற்று. பழைய வெடிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றின் கலவை. வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவத்திலும் பயன்படுபவை. செய்முறையும் ஒன்றே: இடிப்பது, சலிப்பது, நிறுப்பது, கலப்பது. சிறிதளவே இருந்தாலும் விளைவு பெரிது என்பதும் இரண்டுக்கும் பொது. மருந்தைப் பார்த்துப் பழகிய கண், புதிதாக வந்த தூளையும் மருந்து என்றே அழைத்தது. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்தவர்களுக்கு ஒரே எண்ணம் தோன்றியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

'மருந்துக்கும் இல்லை' என்ற வழக்கு இப்போது பொருந்துகிறதல்லவா? மருந்து என்றாலே அளவு. 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ், எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, அளவுதான் ஒன்றை நஞ்சாக்குகிறது அல்லது ஆக்காமல் விடுகிறது என்றார். திருக்குறளின் மருந்து அதிகாரமோ எந்த மூலிகையையும் பெயர் சொல்லவில்லை. கூடினாலும் குறைந்தாலும் நோய் என்று தொடங்கி, அளவறிந்து உண்பதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. சிந்தாமல், உரசாமல், நேரம் பார்த்து என்று அந்த மாணவி எழுதியதும் அளவையும் கவனத்தையும் பற்றித்தான். அவள் குறளுக்கு வெளியே போகவே இல்லை. எனக்குத்தான் அது தெரியவில்லை.

வகுப்பில் செய்து பார்க்க

1. உங்கள் ஊர்த் தொழிலில் வழங்கும் ஒரு குறுஞ்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நெசவூரில் 'பாவு', உப்பளத்தில் 'பாத்தி', மீனவர் ஊரில் 'மடி' என்று எதுவாகவும் இருக்கலாம். பாடநூல் தரும் பொருளையும் வீட்டில் வழங்கும் பொருளையும் இரண்டு பத்திகளில் மாணவர்களே எழுதட்டும்.

2. வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர்களை அச்சொல்லுக்கு இணை கேளுங்கள். அவர்கள்தான் அன்றைக்கு வகுப்பின் அகராதி.

3. ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. "உதகமண்டின் மண்டும் இந்த மந்துதானா?" என்று ஒருவன் கேட்டான். இல்லை. அது தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் வேறு சொல். பொருளும் ஒலிமாற்ற ஒழுங்கும் சேர்ந்து பொருந்தினால்தான் உறவு. சுவரில் பூசும் 'பட்டி' ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஊர்ப்பெயரில் உள்ள பட்டியோடு அதற்குத் தொடர்பில்லை. இப்படிப் பொருந்தாத இணைகளையும் வேண்டுமென்றே கொடுத்துப் பழக்குங்கள்.

4. சொல்லோடு நிறுத்தாமல் பொருளுக்கும் செல்லுங்கள். பூச்சிமருந்துப் புட்டியில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். வெற்றுப் புட்டியைத் தொட வேண்டாம். குறியைப் படமாக வரைந்து காட்டினால் போதும். எங்கள் வகுப்பு அந்தப் பாடத்திலிருந்து 'பூச்சிக்கொல்லி' என்றே எழுதுகிறது. வீட்டில் தம்பி தங்கைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மருந்து என்று பெயர் கேட்டதால் ஒரு குழந்தை புட்டியைத் திறந்துவிடக் கூடாது.

5. இவற்றைச் செய்யும்முன் ஒரு வேண்டுகோள். நமக்கு வெறும் சொல்லாக இருப்பது ஒரு வீட்டில் இழப்பாக இருக்கலாம். பெற்றோரின் தொழிலைப் பற்றி வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். எழுதித் தரச் சொல்கிறேன்; விருப்பம் இருந்தால் மட்டும்.

திருத்திய விடைத்தாள்

அந்தப் பழைய விடைத்தாளைத் திரும்ப வாங்கிச் சுழியத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டேன். அவள் தாளைப் பார்த்துவிட்டு, "பாடத்துல இருக்கறதை எழுதலையே டீச்சர்?" என்றாள். "பாடத்தில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறாய். நான்தான் சரியாகப் படிக்கவில்லை" என்றேன்.

காலாண்டுத் தேர்வில் அதே வினாவைச் சற்று மாற்றிக் கேட்டிருந்தேன். இம்முறை அவள் விடை இரண்டு வரியில் முடிந்திருந்தது: 'மருந்து என்பது அளவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய பொருள். அளவு தெரியாவிட்டால் அதன் பெயர் மட்டும்தான் மருந்து.'

அந்த வரிகளைத் தாளில் எழுதி எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஐந்து மொழிப் பட்டியலும் இருக்கிறது. தெலுங்குச் சொல்லை எழுதியது பின்வரிசை மாணவன். கையெழுத்து கொஞ்சம் கோணல்தான். நான் திருத்தவில்லை.